அம்மா போட்ட ஜாமீன் கையெழுத்து

அன்புள்ள உறவினர்களுக்கும், அம்மாவுடன் பணியாற்றிய தோழியருக்கும்,

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து உங்களில் பலர் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கிறீர்கள். நான் இதை எழுத உட்கார்ந்தபோது, "ஆரு மனசும் நோகாம எழுது கண்ணு" என்று பெரிய மாமா சொல்லி அனுப்பினார். நொந்தது அம்மாவின் மனசு. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது காங்கேயத்தில். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கோவை தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. வெளியூர் அழைப்புகளுக்கு லைன் போட்டுக் கொடுக்கும் வேலை. ஓய்வு பெறும் நாள்வரை அதே நாற்காலி. எனக்கு ஆறு வயதாகும்போது அப்பா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அப்போது எங்களுடன் துடியலூர் வீட்டில்தான் இருந்தார். அவரை ஐ.டி.ஐ.யில் படிக்க வைத்ததும், பெண் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்ததும் அம்மாவின் சம்பளம்.

பிறகு சித்தப்பா சொந்தமாக லேத் பட்டறை போட ஆசைப்பட்டார். பம்பு செட்டுக்கு உதிரி பாகம் கடையும் தொழில். வங்கியில் கடன் கேட்டதற்கு, அரசு வேலையில் இருக்கும் ஒருவர் ஜாமீன் போட வேண்டும் என்றார்கள். சித்தப்பா அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "எனக்கு அம்மாவும் நீங்கதானுங்க அண்ணி" என்றார். அம்மா கையெழுத்துப் போட்டார்.

பட்டறை நன்றாகவே ஓடியது. சித்தப்பா தனி வீடு கட்டிக் குடிபோனார், கார் வாங்கினார். வங்கிக்கு மட்டும் பணம் போகவில்லை. பட்டறையை வேறு பெயருக்கு மாற்றிக்கொண்டு, பழைய கடனை அப்படியே விட்டுவிட்டார். வங்கி அம்மாவைத் தேடி வந்தது.

நானும் அம்மாவும் சித்தப்பாவின் புது வீட்டுக்குப் போனோம். உட்காரச் சொன்னார், காபி கொடுக்கச் சொன்னார். அம்மா விஷயத்தைச் சொன்னதும், சிரித்த முகம் மாறாமல் கேட்டார்:

"கையெழுத்துப் போடச் சொல்லி நானா உங்க கையப் புடிச்சு இழுத்தேனுங்க அண்ணி?"

அம்மா காபியைத் தொடவில்லை. எழுந்து வந்துவிட்டார். அலுவலகத்துக்கு வங்கி ஆள் வந்து நிற்கும் அவமானம் வேண்டாம் என்று, மாதாமாதம் தானே கட்ட ஒப்புக்கொண்டார். அந்த வருடம் எனக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. நான் போகவில்லை. காந்திபுரத்தில் ஒரு அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். அம்மா மற்றவர்களின் இரவு ஷிப்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். மற்றவர்கள் ஓய்வுக்காகப் பணம் சேர்க்கிற வயதில், அடுத்தவர் கடனைக் கட்டி முடித்தார்.

எங்கள் தேவாலயத்தின் பங்குச் சாமியார் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "மன்னிச்சு விட்டுருங்கம்மா, மனசு லேசாகும்" என்றார்.

"கேக்காதவங்களுக்கு எப்படிங்க சாமி குடுக்கிறது?" என்றார் அம்மா. சாமியார் ஜெபம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஓய்வு பெற்ற கையோடு, கிடைத்த பணம் முழுவதையும் அம்மா அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போட்டார். ஊரெங்கும் பைனான்ஸ் கம்பெனிகள் பெரிய வட்டி சொல்லிக் கூப்பிட்ட காலம் அது. அவற்றின் பக்கம் அம்மா திரும்பவே இல்லை. இளைய ஆபரேட்டர்கள் வந்து யோசனை கேட்டால் ஒன்று சொல்வார்: "ஜாமீன் போடறதுக்கு முன்னாடி, அது உங்க கடன்னே நெனச்சுப் பாருங்க அம்மணி. கட்ட முடியும்னு தோணுச்சுன்னா போடுங்க. இல்லீன்னா பேனாவ மூடி வெச்சுருங்க."

இதற்குள் சித்தப்பாவின் தொழில் தடுமாறத் தொடங்கியது. அவருடைய மகளுக்குப் பெருந்துறையில் இருந்து நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் அங்கே தொழிற்பேட்டையில் தறிக்கூடம் வைத்திருப்பவர். சம்பந்தம் முடிந்ததும் அவரையே ஜாமீனாக வைத்துப் பெரிய கடன் வாங்குவது என்று சித்தப்பா வங்கியில் பேசி வைத்திருந்தார். அது அம்மாவின் காதுக்கும் வந்திருந்தது.

பெண்ணைப் பற்றி விசாரிக்க மாப்பிள்ளையின் பெற்றோர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா என்ன சொல்லிவிடுவாரோ என்று நான் கதவோரம் வந்து நின்றேன். சித்தப்பா மகளான தங்கச்சி ஒரு பாவமும் அறியாதவள். அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"பொண்ணு தங்கமுங்க. கண்ண மூடிட்டுக் கட்டி வையுங்க. அவங்கப்பா கையெழுத்துக் கேட்டா மட்டும் கண்ணத் தொறந்துக்குங்க."

வந்தவர் விவரம் கேட்டார். அம்மா ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. கல்யாணம் சிறப்பாக நடந்தது. அம்மா தன் வளையல் ஒன்றைத் தங்கச்சியின் கையில் போட்டுவிட்டார். சம்பந்தி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கடன் கிடைக்காமல் பட்டறை விலைக்குப் போனது. அந்தச் செய்தி வந்த அன்று அம்மா பருப்புப் பாயசம் வைத்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை. இரண்டு டம்ளர் குடித்தேன்.

கடைசியாக அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது சித்தப்பா ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். "பழசெல்லாம் மறந்துருங்க அண்ணி" என்றார். அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அம்மா அவரை நன்றாகப் பார்த்தார். "எனக்கு ஒடம்புதான் செரியில்லீங்க தம்பி. ஞாபகம் நல்லாத்தான் இருக்குது" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டாம் நாள் உயிர் பிரிந்தது. பழங்களை நான் வார்டில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

இரவு ஷிப்டுகளை விட்டுக்கொடுத்த தோழியருக்கும், மருத்துவமனையில் துணைக்கு இருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த பங்கு இளைஞர்களுக்கும், இறுதிவரை பெரியம்மாவைப் பார்க்க வந்துகொண்டிருந்த தங்கச்சிக்கும் அவள் மாமனாருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இன்றைய விருந்துக்கு வருவதாகச் சித்தப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். அவசியம் வரட்டும். அவரை முதல் பந்தியில், நடுவில் உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு இரண்டு பக்கமும் எதிரிலும் உட்காரப்போகிற உறவினர்கள் எல்லோருக்கும் இந்த மலர் நேற்றே போய்ச் சேர்ந்துவிட்டது.