கழுகு வராத மத்தியானம்

என் ஏழு மாதப் பெண் குழந்தை ஐப்பசியில் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் போய்விட்டது. நாங்கள் அப்போது செங்கல்பட்டில் குடியிருந்தோம். ஐம்பதுகளின் நடுவில் என்று நினைவு. மார்கழி பிறந்ததும் என் மாமியார் சொன்னார்:

"கழுக்குன்றத்து மலைக்குப் போயிட்டு வாடி. கழுகு ரெண்டும் வந்து துன்னுச்சுன்னா உன் மேல குத்தமில்ல. வரலன்னா, பாவம் உன்கிட்டதான் கீது."

அந்த மலையில் உச்சிவேளைக்கு இரண்டு வெள்ளைக் கழுகுகள் வந்து பொங்கல் தின்னும். கூட்டத்தில் பாவி இருந்தால் வராது என்பார்கள் எங்கள் பக்கத்தில். அழுகிற ஜாதி இல்லை நான். போகிறேன் என்று நிமிர்ந்தே சொன்னேன்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். லீவு நாளென்றால் மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேடந்தாங்கல் ஏரி, மகாபலிபுரத்து உப்பங்கழி என்று பறவை பார்க்கக் கிளம்பிவிடுவார்.

"அது நம்ம பக்கம் வேற எங்கியும் ஆப்புடாத பறவ. நானும் வரேன்" என்றார்.

படியேறிப் பாறை ஓரம் உட்கார்ந்தோம். வாடைக்காற்று, மூட்டமான வானம். பூசை செய்கிறவர் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். பொங்கல் ஆறிப்போனது. ஒரு காக்கைகூட வரவில்லை. பக்கத்தில் இருந்த ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்மா, தூரமா கீறியா? எறங்கிப் போயேன். எத்தினி பேரு காத்துகினு கீறோம்!"

"நான் சுத்தமாத்தான் கீறேன். உன்ன நீ கேட்டுக்க" என்றேன். குரல் நடுங்கவில்லை. கூட்டம் கலைகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பாதி இறங்கியதும் வீட்டுக்காரர் நின்று, பைனாகுலரை என் கண்ணருகில் பிடித்தார். கீழே வயலோரம் ஒரு செத்த மாட்டின்மேல் இரண்டு கழுகும் உட்கார்ந்து கொத்திக்கொண்டிருந்தன. மஞ்சள் மூஞ்சிகூடத் தெரிந்தது.

"பாத்தியா? வயிறு ரொம்பிப்போச்சு, அதான் வரல. பாவமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"அப்ப கொழந்த எதுக்குங்க செத்துச்சு?"

அவர் வேட்டி நுனியால் பைனாகுலர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்குத் திரும்பியபோது மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார்.

"வந்துச்சாடி?"

"ரெண்டும் வந்துச்சு அத்தே" என்றேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரும், "ஆமாம்மா" என்றார்.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப என் பாவந்தாண்டி. பொறந்த அன்னிக்குப் பொட்டப்புள்ளயான்னு மூஞ்சத் திருப்பிகினேன். நான்தான். நான்தான்."

நான் சொன்னது பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ரோஷம். சாகும்வரை மாமியார் அந்த மலை ஏறவில்லை. பஸ் அந்த வழியாகப் போனால் முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொள்வார். பக்கத்து சீட்டில் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.