மொக்கம்மாள் தேய்த்த இருபத்து மூன்று கற்கள்

குரங்கணிக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் காய் உலர்த்தும் ஸ்டோர் மொக்கம்மாளின் பொறுப்பு. பச்சைக் காய் தட்டில் ஏறி ஒரு ராத்திரி ஒரு பகல் சூட்டில் கிடக்கும். இறக்கியதும் சூடு ஆறுவதற்குள் சாக்கில் கொட்டித் தேய்த்துக் காம்பையும் வாலையும் உதிர்த்துவிட வேண்டும். இருபத்தாறு வருடமாக இதே சோலி. அவள் தேய்த்த காய் போடி ஏலச் சந்தையில் தனியாகத் தெரியும் என்று ஊரே சொல்லும். அதில் முக்கால்வாசி அவளே சொன்னது.

நான் கன்னையன், அதே எஸ்டேட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். கல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மேட்டில் டயருக்கு அடியில் கொடுப்பதுதான். போன ஐப்பசியில் முத்துப்பிரியா என்ற ஆராய்ச்சிப் பெண் வந்து அந்த நிம்மதியையும் கெடுத்தாள். எஸ்டேட் பாதைக்காக வெட்டிய பாறையில் சின்ன மிஷினால் துளை போட்டு, விரல் நீளத்துக்கு உருளைக் கற்களாக எடுத்தாள். ஒவ்வொன்றின் தலையிலும் திசைகாட்டி பார்த்து ஓர் அம்புக்குறி, ஒரு நம்பர்.

"இந்த மலை உருவாகும்போது இந்தக் கல்லெல்லாம் ரொம்ப ஆழத்துல கெடந்து வெந்துச்சுண்ணே. அந்தச் சூட்டுல, முன்னாடி பிடிச்சு வச்சிருந்த காந்தத் திசையெல்லாம் அழிஞ்சு போச்சு. மேல வந்து ஆறுறப்ப, அன்னைக்குப் பூமியோட காந்தம் எந்தப் பக்கமோ அதைப் புதுசா பிடிச்சுக்கிச்சு. ஐம்பது கோடி வருசமா அப்படியே வச்சிருக்கு" என்றாள்.

எனக்குப் போன தீபாவளிக்கு எடுத்த சட்டையே ஞாபகமில்லை. கல்லின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. அம்புக்குறியைப் பேனாவால் போட்டிருந்தாளே தவிர, பித்தளைக் கம்பியால் கீறி வைக்க நேரமில்லை. ஈரச் சாக்கை ஸ்டோரில் இறக்கி, "அக்கா, கொஞ்சம் காய வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே அறைக்குப் போய்விட்டாள்.

மொக்கம்மாள் காய வைத்தாள், அதுவும் காயோடு காயாகத் தட்டில் பரப்பி. மறுநாள் விடிந்ததும் இறக்கியவள், தட்டிலிருந்து இறங்கும் எதையும் தேய்க்காமல் விட்டுப் பழக்கமில்லாததால், சாக்கில் போட்டு ஒரு மூச்சுத் தேய்த்தாள். கல் பளபளவென்று வந்தது. அம்புக்குறி, நம்பர் ஒன்றும் இல்லை.

முத்துப்பிரியா பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அழுக்கோட பட்டணத்துக்கு அனுப்பலாமான்னுதான் ஆத்தா..." மொக்கம்மாளுக்கு முகம் செத்துப்போனது. "சூடு பட்டதுல உள்ள இருந்ததும் போச்சா?"

"இந்தச் சூடு ஒண்ணும் செய்யாதுக்கா. பழசு அழியணும்னா இதைவிடப் பத்து மடங்கு வேணும். ஆனா எது எந்தக் குழியில இருந்துச்சு, எந்தப் பக்கம் பாத்துச்சுன்னு தெரியாட்டி, கல்லு சொல்ற திசையை வச்சு நான் என்ன செய்ய? மறுபடி துளை போட நேரமில்ல, நாளைக்கு ராத்திரி நான் பஸ்சு ஏறணும். பட்டணத்துல காந்தத்தை அளக்குற மிஷினுக்கு எட்டு மாசம் காத்துக் கெடந்து தேதி வாங்கியிருக்கேன்."

மொக்கம்மாள் ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். காயைத் தரம் பிரிக்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை. "இதுல வரி ஓடுதுல்ல? அடியில ஒடிஞ்ச மொனை இருக்குல்ல? குழிக்குள்ள இதோட சோடி இருக்கும். அண்ணே, ஜீப்பை வெரசா எடு."

நாள் முழுக்கத் தூறலில் பாறையோடு பாறையாக நின்றாள். ஒரு கல்லைக் குழிக்குள் விட்டுத் திருப்புவாள். பாறையின் வரியும் கல்லின் வரியும் ஒன்று சேர்ந்து, அடியில் ஒடிந்த முனை 'டக்' என்று உட்கார்ந்தால்தான் தலையாட்டுவாள். முத்துப்பிரியா உடனே கீறிவிடுவாள். நான் குடை பிடித்தேன். ஜீப்புக்காரனுக்கு விஞ்ஞானத்தில் கிடைத்த பதவி அது.

இருபத்திரண்டு உட்கார்ந்தன. கடைசிக் கல்லுக்கு அடிமுனை தேய்ந்திருந்தது. மிச்சம் இருந்ததும் ஒரே குழி; ஆனால் எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்றுதான் பிடிபடவில்லை. முத்துப்பிரியா குத்துமதிப்பாகக் கோடு போடப் போனாள்.

"வேணாம் ஆத்தா. எனக்கே நிச்சயமில்ல. ஒரு சொத்தைக் காய் கலந்தா மூடையே கெட்டுப்போகும்" என்று மொக்கம்மாள் அந்தக் கல்லை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து முத்துப்பிரியாவிடமிருந்து போன் வந்தது. கற்களைத் தப்பாகப் பொருத்தியிருந்தால் திசைகள் ஆளுக்கொரு பக்கம் சிதறியிருக்கும். இருபது கற்கள் ஒரே பக்கம் காட்டின. இரண்டு மட்டும் வேறு பக்கம். அந்த இரண்டும் தப்பாகப் பொருத்தியவை, தூக்கிப் போடு என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டாராம்.

மொக்கம்மாளுக்கு வந்த கோபத்தில் தட்டுகள் ஆடின. "ரெண்டும் உக்காந்ததை என் விரலு பாத்துச்சு. வந்து பக்கத்துலயே தோண்டிப் பாக்கச் சொல்லு!"

முத்துப்பிரியா வந்தாள், தோண்டினாள், இந்த முறை முதல் வேலையாகக் கீறினாள். தை பிறந்து மறுபடி போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, புதுக் கல்லும் அந்த ரெண்டு காட்டின பக்கம்தான் காட்டுது! நீங்க சரியாத்தான் வச்சிருக்கீங்க. அந்த ரெண்டு குழிக்கும் பக்கத்துல வெள்ளைக் கல்லு நரம்பு ஓடுதுல்ல? மலை ஆறினப்புறம் அது கொதிச்சு உள்ள புகுந்திருக்கு. பக்கத்துக் கல்லு அந்தச் சூட்டுல ரெண்டாவது தடவை எல்லாத்தையும் மறந்து, மறுபடி புதுசா பிடிச்சிருக்கு. எங்க ஆராய்ச்சியிலயே அதுதான் இப்பப் பெரிய விசயம்."

"உங்க வாத்தியாரு என்ன சொன்னாரு?"

"உங்களைப் பத்திக் கட்டுரையில எழுதணுமாம். பேரை எப்படிப் போடறதுன்னு கேட்டாரு."

மொக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"எங்கப்பா பேரு வீரணன். வீ போட்டு, புள்ளி வச்சு, மொக்கம்மாள்னு எழுதச் சொல்லு. இனிசியலை விட்டுறப் போறாரு."