மூன்று நாரைகளின் சொந்தக்காரர்

ரொட்டியைப் பியரில் தோய்த்துக்கொண்டே சர் ஜைல்ஸ் வாட்லோ தம் வேட்டைநாய்களிடம் தாத்தாவின் போர்க்கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "ஒரே வீச்சுல நாலு பேரைச் சாய்ச்சாருடா என் தாத்தா!" போன வாரம் மூன்று பேர்தான். நாய்கள் ஆட்சேபிப்பதில்லை, அவற்றுக்கு ரொட்டி முக்கியம்.

ஐம்பது வயது, ஆறடி உயரம், அதற்கேற்ற தொப்பை. சஃபோக் வட்டாரத்தில் அவரைப்போல் நல்ல மனிதரும் இல்லை, அவரைப்போல் பீற்றிக்கொள்பவரும் இல்லை. கதவு, கரண்டி, சேணம், படுக்கைத் திரை என்று எதைப் பார்த்தாலும் அவருடைய குலச்சின்னமான மூன்று நாரைகள் நிற்கும். மனைவி அர்சுலா கம்பளி வியாபாரியின் மகள். "நூலை எண்ணுற குடும்பம்டி உங்களது," என்று சீண்டுவார். "அந்த நூல்லதாங்க உங்க நாரைக்குக் கால் தைச்சேன்," என்பாள் அவள்.

சென்ற மாதம் லண்டனிலிருந்து குலச்சின்னங்களைப் பரிசோதிக்கும் அதிகாரி வந்து இறங்கினார். 'சர்' என்ற வீரப்பட்டம் ராணி கொடுத்தது, அதற்குப் பழுதில்லை. ஆனால் நாரைகள் பரம்பரையாக வந்தவை என்பதற்கு அத்தாட்சி வேண்டும். இல்லாவிட்டால் சந்தை நடுவில் பெயரைச் சொல்லி, சின்னத்துக்கு உரிமையில்லாதவர் என்று கூவிவிடுவார்கள். மூத்த மகள் சிசிலியை மணம் பேசியிருந்த வீட்டார் அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

சர் ஜைல்ஸ் பத்திரப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். எலிப்புழுக்கைதான் கிடைத்தது. நாரைகள் பொறித்திருந்த தாத்தாவின் கல்லறையையும் தேவாலயத்துக் கண்ணாடி ஜன்னலையும் மதச் சீர்திருத்தக்காரர்கள் எப்போதோ நொறுக்கிவிட்டார்கள்.

"எங்க தாத்தா ஒரே வீச்சுல ரெண்டு பேரை..."

"அதெல்லாம் இருக்கட்டும் சர் ஜைல்ஸ். பத்திரம் இருக்கா?"

பாவம், அப்போது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. சிசிலி சுவரோரமாகத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அர்சுலா உள்ளே போய் ஒரு தேன் ஜாடியைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தாள். அதன் வாயை மூடிக் கட்டியிருந்தது ஒரு பழைய தோல் பத்திரம். ஓரத்தில் மெழுகு முத்திரை தொங்கியது.

"இது எங்கடி கிடைச்சுது?"

"எலி கடிச்சதுன்னு நீங்கதாங்க அடுப்புல போடச் சொன்னீங்க. தோல் கெட்டியா இருந்துச்சு, மனசு வரல."

அதிகாரி தேனை வழித்துவிட்டு முத்திரையை வெளிச்சத்தில் பிடித்தார். பத்திரத்தில் தாத்தாவின் பெயர். மெழுகில் மூன்று நாரைகள், ஒன்றுக்கு மட்டும் அலகு உடைந்திருந்தது. "சந்தேகமே இல்ல. உங்க குலச்சின்னம்தான்!"

சிசிலி வீலென்று கத்தித் தங்கைகளைக் கட்டிக்கொண்டாள். சர் ஜைல்ஸ் மேசையில் குத்திய குத்தில் ஜாடி எகிறியது. நாய்கள் காரணம் தெரியாமலே குரைத்துக் கொண்டாடின.

அதிகாரி வம்சாவளிப் பதிவேட்டை விரித்து, "குடும்பத் தலைவர் கையெழுத்து," என்று இறகுப் பேனாவை நீட்டினார்.

அந்தக் கூடத்தில் நாற்காலி ஒன்றுதான். சர் ஜைல்ஸைத் தவிர யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. அவர் எழுந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அர்சுலாவை அதில் உட்காரவைத்தார். பேனாவை அவள் விரல்களுக்குள் செருகிவிட்டு, பதிவேடு சுருண்டுகொள்ளாதபடி இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.