பல்லால் முடிச்சுப் போடுகிறவர்

'இந்த மனுஷர் மட்டும் இல்லையென்றால் உலகத்தில் ஓடுகிற அத்தனை பேரும் ஓடிக்கொண்டே போய்ப் பூமியின் விளிம்பிலிருந்து கீழே விழுந்திருப்பார்கள். சூரியனே தினமும் இவர் கட்டிய ரிப்பனைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் உதிப்பது என்று முடிவு செய்கிறது. வழி தவறிய பருந்துகள் இவரிடம் கேட்டுவிட்டுத்தான் கூட்டுக்குப் போகின்றன.'

பூங்கா அதிகாரியின் மேஜைக்கு வந்த மொட்டைக் கடுதாசி இப்படித்தான் தொடங்கியது. எழுதியவர் பெயர் கிடையாது. எழுத்து கோழி கிளறியதுபோல இருந்தது, ஏனென்றால் வலது கைக்காரி ஒருத்தி இடது கையால் எழுதியது அது. அவள் ரிப்பன்காரரின் மகள். பதினைந்து வயது, ஒன்பதாம் வகுப்பில் இது இரண்டாவது வருஷம். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் அவளுக்கு வாலு என்றுதான் பெயர்.

ரிப்பன்காரருக்குச் சூரியனோடு அவ்வளவு நெருக்கம் இல்லை. ஒரு காலத்தில் அவர் அணையில் மதகுக் கதவை ஏற்றி இறக்குகிற வேலையில் இருந்தார். ஒருநாள் சங்கிலி அவருடைய வலது கட்டைவிரலைக் கேட்காமலே எடுத்துக்கொண்டது. கட்டைவிரல் இல்லாத ஆளுக்குக் கதவு எதற்கு என்று நீர்த்தேக்கத்தைச் சுற்றியிருக்கும் மலைப் பூங்காவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஓட வருகிறவர்களுக்குப் பாதை குறிப்பது வேலை. பதினெட்டு வருஷமாக அதைத்தான் செய்கிறார்.

மூன்று பாதைகள். கரையோரமாக ஒன்பது கிலோமீட்டர் போவது நீலம். நடுக்காட்டுக்குள் போவது மஞ்சள். மூன்று குன்றையும் ஏறி இறங்கி முட்டியைத் தின்கிற இருபத்தொரு கிலோமீட்டர், சிவப்பு. கம்பு வைத்த சக்கரத்தை உருட்டி அளந்துகொண்டே அத்தனையையும் நடந்தே முடிப்பார். ஓட்டத்துக்கு வழி சொல்கிறவர் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. "அடுத்த பஸ் வராமலா போயிடும்?" என்பார்.

பாதை பிரிகிற இடங்களில் கண் மட்டத்துக்கு ரிப்பன் கட்ட வேண்டும். வலது கையின் நான்கு விரலால் கிளையை வளைத்துப் பிடிப்பார், இடது கையால் ரிப்பனைச் சுற்றுவார், நுனியைப் பல்லால் கடித்து இழுப்பார். கல்லு மாதிரி முடிச்சு விழும். அவர் கட்டிய எல்லா ரிப்பனின் நுனியிலும் பல் தடம் இருக்கும். ஓடுகிறவர்கள் அதற்கு எலி கடித்த ரிப்பன் என்று பெயர் வைத்திருந்தார்கள். "காட்டுலயே வயிறு ரொம்பிடுது, அதான் என் சமையல் இறங்க மாட்டேங்குது" என்பாள் அவருடைய மனைவி. அவளுக்கு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற பிரிவில் வேலை.

நீலப் பாதையில் ஒரு சிக்கல் உண்டு. மழை பெய்து நீர்மட்டம் அளவுக் கம்பத்தின் வெள்ளைக் கோட்டைத் தொட்டுவிட்டால் கரையில் யாரும் போகக்கூடாது. களிமண் கரை அது. தண்ணீர் அடியிலிருந்து அரித்துவிடும், மேலே பார்த்தால் பச்சைப் பசேலென்று இருக்கும். "மேல புல்லு, கீழ ஒண்ணுமில்ல" என்று வீட்டில் சோறு போடும்போதுகூடச் சொல்லியிருக்கிறார். கோட்டைத் தொட்ட அன்றே பாதை பிரிகிற இடத்தில் இடது பக்கம் இருக்கும் மூன்று நீல ரிப்பன்களை அவிழ்த்து, மேட்டுக்குப் போகும் வலது பக்கத்தில் கட்டிவிடுவார். நீலம் எங்கே இருக்கிறதோ அங்கே வழி. ஓடுகிறவர்கள் வேறெதையும் பார்ப்பதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமும் மாற்றினார். நோட்டில் எழுதினார்: 'மாலை 5.40. நீலம் மேலே. மூன்று.'

மறுநாள் வாலுவின் வகுப்பை அங்கே ஓட்டத்துக்குக் கூட்டிவருவதாக விளையாட்டு வாத்தியார் சொல்லியிருந்தார். புதிதாக வெள்ளை ஷூ வாங்கியிருந்தார் அவர். போன வாரம் எல்லார் முன்னாலும் வாலுவைப் பார்த்து, "உங்கப்பா ஊருக்கே வழி காட்டறார். ஒன்பதாம் கிளாஸ்லேர்ந்து வெளிய போற வழியை மட்டும் உனக்குக் காட்ட மாட்டாரா?" என்று கேட்டிருந்தார். தன்னைச் சொன்னால் வாலு துடைத்துப் போட்டிருப்பாள். அப்பாவை இழுத்ததுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

விடிந்தும் விடியாமலும் போய் மூன்று ரிப்பன்களையும் அவிழ்த்து மறுபடி இடது பக்கம் கட்டினாள். கரையில் சேறு இருக்கும், வெள்ளை ஷூ நாசமாகும், அவ்வளவுதான் கணக்கு. கீழே ஒன்றுமில்லை என்று அப்பா நூறு தடவை சொன்னதை அவள் நூறு தடவையும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருந்தாள்.

தூறல் விழுந்தது. வாத்தியார் வரவில்லை. வகுப்பும் வரவில்லை. மழையைச் சாக்கு வைத்து வாலு போர்வைக்குள் புகுந்துகொண்டாள். போய் மாற்றிக் கட்டலாம் என்று ஒருமுறை தோன்றியது. அப்புறம் தூங்கிவிட்டாள்.

வந்தது தபாலம்மா. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவர், ஐம்பத்திரண்டு வயது. அந்த வருஷம் சிவப்புப் பாதையை முழுசாக ஓடி முடிப்பதாகத் தன் மருமகளிடம் பந்தயம் கட்டியிருந்தார். சனிக்கிழமைகளில் வேலைக்குப் போகும் முன்னால் நீலத்தில் ஓடிப் பழகுவார். கரை அவரோடு சேர்ந்து சரிந்தது. இடுப்பளவு தண்ணீரில், மேலே மண்ணும் கல்லுமாக, இரண்டரை மணி நேரம் கிடந்தார்.

சுற்றி வந்த ரிப்பன்காரர் பிரிவில் நீலம் இடது பக்கம் இருப்பதைப் பார்த்தார். வேறு யாரும் போய்விடக் கூடாதே என்று மூன்றையும் எடுத்தார். பிறகு கரையை நோக்கி ஓடினார். அவர் ஓடி யாராவது பார்த்தது அன்றைக்குத்தான். தபாலம்மாவை முதுகில் சுமந்து மேடேறி வந்தபோது அவருடைய ஒரு கால் செருப்பு இல்லை.

"இடுப்பு ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு. கம்பி வச்சிருக்காங்க" என்றாள் வாலுவின் அம்மா அன்று சாயங்காலம். "நடப்பாங்களாம். ஓட முடியாதாம்." ஆஸ்பத்திரிப் போர்வையை மடிப்பதுபோல வீட்டுப் போர்வையையும் நான்கு மூலை சேர்த்து மடித்துக்கொண்டிருந்தாள். வாலு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது, "அப்போ மருமகளுக்குத்தான் பந்தயம்." அம்மா போர்வையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். அப்பா தட்டைவிட்டுத் தலை தூக்கவில்லை.

இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள், அன்று காலையில் நீலம் இடது பக்கம்தான் இருந்தது என்று. அப்படியானால் மாற்றாமலே மாற்றியதாக நோட்டில் எழுதிவிட்டார் என்றாகிறது. புதன்கிழமை விசாரணை. வேலை போகும் என்று பூங்காவில் குப்பை வாருகிறவர்கூடச் சொன்னார். ஞாயிறும் திங்களும் வாலு அப்பாவின் முன்னால் போய்ப் போய் நின்றாள். ஒவ்வொரு தடவையும் உப்பு வேண்டுமா, துண்டு வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். செவ்வாய்க்கிழமைதான் இடது கையில் பேனாவை எடுத்தாள். பருந்துக்கும் சூரியனுக்கும் பிறகு கடுதாசி இப்படி முடிந்தது: 'தொப்பி போட்ட உயரமான ஆள் ஒருவன் ரிப்பனை மாற்றியதைப் பார்த்தேன். ரிப்பன்காரர் பல்லால் முடிச்சுப் போடுகிறவர். அந்த மூன்றும் ஷூ லேஸ் மாதிரி இரண்டு காது வைத்துக் கட்டியிருந்தன. எடுத்துப் பார்த்தால் தெரியும்.'

புதன்கிழமை அப்பாவுக்குச் சாப்பாட்டு டப்பா எடுத்துக்கொண்டு போய் அலுவலகக் கதவுக்கு வெளியே நின்றாள். கதவில் பாதிக்கு மேல் மங்கல் கண்ணாடி. உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது.

"சூரியனுக்கே வழி காட்டறீங்களாமே" என்றார் அதிகாரி.

"லீவு நாள்ல மட்டும் சார்."

அதிகாரி சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. "சரி, விளையாட்டு போதும். அந்த ரிப்பனைக் குடுங்க. முடிச்சு இதுல சொன்ன மாதிரி இருந்தா, கட்டினது நீங்க இல்லன்னு நானே எழுதித் தரேன்."

"தண்ணியில போட்டுட்டேன் சார்."

"முடிச்சைப் பார்த்தீங்களா?"

"அவசரத்துல கவனிக்கல சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க. பதினெட்டு வருஷ வேலை."

"மாத்தணும்னு நினைச்சு எழுதியிருப்பேன். மாத்த மறந்திருப்பேன். எங்க கையெழுத்துப் போடணும் சார்?"

காகிதம் நகர்ந்தது. பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. "இன்னிக்கு என்ன தேதி சார்?" என்றார் ரிப்பன்காரர். அதிகாரி சொன்னார். "மாசம்?" அதையும் சொன்னார். வாலுவின் கை கதவின் பிடியில் இருந்தது. பிடி சில்லென்றிருந்தது. அவள் அதைத் திருப்பவில்லை.

வெளியே வந்தவர் டப்பாவை வாங்கிக்கொண்டார். அளவுச் சக்கரத்தை உள்ளே சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்திருந்தார்.

வீட்டில் அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குச்சியை எடுத்து வைத்தார். கிளையோடு ஒடித்தது. அதில் நீல ரிப்பன் அவிழாமல் இருந்தது. இரண்டு காது, வலது காது பெரிசு.

"இது எப்படி..." என்றாள் வாலு. "தண்ணியில போட்டேன்னு சொன்னீங்களே."

"சனிக்கிழமைலேர்ந்து பைக்குள்ளயேதான் இருக்கு." குச்சியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "லெட்டர்ல முடிச்சைப் பத்தி எழுதியிருந்துச்சு. இந்த முடிச்சைப் பார்த்தது ரெண்டே பேர். ஒருத்தர் நான். நான் லெட்டர் எழுதல."

"தபாலம்மா பார்த்திருக்கலாம்ல?"

"ஓடறவங்க நிறத்தைத்தான் பார்ப்பாங்க. முடிச்சை எவன் பார்க்கறான், கட்டினவனைத் தவிர?" குச்சியை விரலால் உருட்டி, "தொப்பி போட்ட உயரமான ஆளு. உன்னைவிட எவ்வளவு உயரம்?" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "இதைக் காட்டியிருந்தா வேலை போயிருக்காதே. ஏம்ப்பா காட்டல?"

"கண்ணாடில உன் நிழல் தெரிஞ்சுது. நீ உள்ள வந்துடுவேன்னு பார்த்தேன்." குச்சியைத் திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "தேதி எனக்குத் தெரியாதா?"

வாலு சுவரைப் பார்த்தாள். நாட்காட்டியில் முந்தின நாள் தாளை அவர் காலையிலேயே கிழித்திருந்தார்; அன்றைய தேதி தெரிந்தது.

"ஆஸ்பத்திரில அஞ்சு மணிக்குமேல பார்க்க விடுவாங்களாம். தபாலம்மா முழிச்சிருக்காங்கன்னு உங்கம்மா சொன்னா." எழுந்து ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவங்ககிட்ட நீ பேசு. நான் பக்கத்துல நிக்கிறேன். அதிகாரிகிட்ட நாளைக்குப் போகலாம்."

"வேலை திரும்பக் கிடைக்குமா?"

"அதுக்காகவா போறோம்?"

வாலு வாசற்படியில் உட்கார்ந்து ஷூவுக்குள் காலை விட்டாள். லேஸை இழுத்து, ஒரு காது வைத்து, இன்னொரு காது சுற்றி இறுக்கினாள். இரண்டாவது காலின் லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அப்படியும் வலது காது பெரிசாகத்தான் விழுந்தது.

நிமிர்ந்தபோது அப்பா செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய ஷூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.