ஓடைக்கு இந்தப் பக்கம் பெய்த மழை

எங்கள் கரிசல்காட்டில் வெள்ளாமை எவ்வளவு செழித்து நின்றாலும், எப்படி இருக்கிறது என்று கேட்டால், ஏதோ சாமி கண் திறந்திருக்கு என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். கண்ணேறுக்குப் பயந்து அப்படிச் சொல்கிறார்கள் என்றுதான் கல்யாணமாகி வந்த புதிதில் நினைத்தேன்.

என் வீட்டுக்காரருக்கும் அவருடைய அண்ணனுக்கும் ஓடைதான் எல்லை. அந்த வருஷமும் கோவில்பட்டியில் ஒரே கடையில் உளுந்து விதை வாங்கி, ஒரே டிராக்டரை வைத்து உழுது, ஒரே நாளில் விதைத்தார்கள். கார்த்திகையில் பெய்த மழை ஓடைக்கு இந்தப் பக்கத்தோடு நின்றுகொண்டது. எங்கள் காடு காய்த்துக் குலுங்கியது. அண்ணன் காட்டில் செடி பூவோடு கருகியது. அப்படியும் அவர் எங்கள் அறுப்புக்கும் வந்து நின்றார், பாவம்.

அறுப்பு முடிந்ததும் கருப்பசாமிக்குக் கிடா வெட்டினோம். சாப்பிட வந்த உளுந்து வியாபாரி, சாமி உங்களுக்கு அள்ளிக் கொடுத்திருக்கு என்றார். என் வீட்டுக்காரருக்கு அன்று தலைகால் புரியவில்லை.

"சாமி என்ன அண்ணாச்சி செஞ்சாரு? நான் பாடுபட்டேன், வெளைஞ்சுது. சோம்பேறிக்கு வெளையுமா?"

சாமி முன்னாலேயே நின்றுகொண்டு பேசின பேச்சு. சாமிக்கு அதனால் என்ன நட்டம்? அடி விழுந்தது பந்தியில் சோறு பரிமாறிக்கொண்டிருந்த அண்ணன் மேல். அவர் வாளியைக் கீழே வைத்தார், கையைக் கழுவினார், சாப்பிடாமல் போய்விட்டார். நான் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன், போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாங்க என்று. நான் என்ன அவரையா சொன்னேன் என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

பங்குனியில் அண்ணன் திருப்பூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். தம்பி போன் செய்தால் எடுப்பதில்லை. மறு வருஷம் மாசியில், அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது, வேலை செய்த இடத்திலேயே நெஞ்சு வலித்து விழுந்து இறந்தவரை ஆம்புலன்சில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

என் வீட்டுக்காரர் காலைப் பிடித்துக்கொண்டு கதறினார். அண்ணன் பெண்டாட்டி அழவில்லை.

"தம்பி, நீங்க விதைச்ச அன்னைக்குத்தானே அவியளும் விதைச்சாவ. நாம சோம்பேறிதானோன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தாவ. இல்லன்னு நான் சொன்னா நம்பல. நீங்க சொல்லுங்க."

இவர் தவழ்ந்துபோய் அண்ணன் தலைமாட்டில் குனிந்தார்.

"மழை என் பக்கம் பெஞ்சுது, அண்ணே. அவ்வளவுதான்."

அதற்குள் அவர் காதில் பஞ்சு வைத்து அடைத்திருந்தார்கள்.