ஹெட்போனில் கண் கலங்கவைத்த பியானோ

ஒரு வாரமாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு என் கீபோர்டில் ஒரு பியானோ சவுண்டைச் செதுக்கினேன். கனமான பேஸ், நீளமான எதிரொலி. தனியாக வாசித்தால் எனக்கே கண் கலங்கும்.

இன்று மயிலாப்பூர் மாதா கோயிலில் பாடகர் குழு ஒத்திகை. முதல் பாட்டிலேயே பேஸ் கிடார் வாசிக்கும் ஜெரால்டு நிறுத்திவிட்டான்.

“இன்னா மச்சி இது? நான் வாசிக்கிறது எனக்கே கேக்கல. எல்லாம் கொழகொழன்னு கீது.”

குழுவை நடத்தும் ஸ்டெல்லா அக்கா, “ஞாயித்துக்கெழம பூசைக்கு கீபோர்டே வேணாம்பா” என்றார்.

கோபத்தில் பேஸைக் குறைத்தேன், எதிரொலியை எடுத்தேன். தனியாகத் தட்டிப் பார்த்தால் தகர டப்பா. அதிலேயே வாசித்தேன்.

பாட்டு முடிந்ததும் அக்கா திரும்பினார். “இப்பதான்பா நீ வாசிக்கிறதே கேக்குது. ஞாயித்துக்கெழம வந்துடு.”

அந்தத் தகர டப்பா சவுண்டை கீபோர்டில் ‘ஜெரால்டு’ என்ற பெயரில் சேமித்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் அவனை இந்தப் பதிவில் டேக் செய்ய வேண்டாம்.