செத்துக் கிடந்த மருதாயி

மஞ்சக்குட்டைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடமாகக் காப்பிப்பழம் பறிக்கும் மருதாயி, போன ஜனவரியில் ஒரு நாள் பிணமாக வேலை பார்த்தாள். படுத்துக் கிடந்தவரை அந்த வேலையிலும் குறை சொல்ல முடியாது.

டிவிக்காரர்கள் எஸ்டேட் பங்களாவைப் பிடித்திருந்தார்கள். ஒரு பிணம், ஆறு போட்டியாளர்கள். துப்புத் துலக்கிக் கொலைகாரனை முதலில் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு. பிணமாகப் படுக்க வேறு ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. ஆகாத காரியமாம். மருதாயிக்கு ஏற்கெனவே ஆகாத நேரம்தான். முந்தின வாரம் களத்தில் அரை மூட்டைப் பழம் காணாமல் போக, கடைசியாக வீட்டுக்குக் கிளம்பியவள் அவள்தான் என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் சந்திரசேகர் எழுதிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை மேனேஜர் விசாரணை. திருடி என்று முடிவானால் வேலை போகும். எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் கூடவே போகும். அவள் யாரிடமும் போய் அழவில்லை. கொஞ்சம் அழுதிருக்கலாம் என்பது என் கட்சி.

காப்பிச் செடியடியில் படுக்கவைத்து நெற்றியில் சிவப்புச் சாயம் பூசினார்கள். அவள் கால்மாட்டிலிருந்து பங்களாச் சமையற்கட்டு வரை பழுத்த காப்பிப்பழங்களைச் சிந்திக்கொண்டே போனார்கள். அதுதான் துப்பு. கொலைகாரன் சமையல்காரன். "அசையாம இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு டைரக்டர் பானு எல்லோரையும் டீ குடிக்கக் கூட்டிப் போனாள்.

தரையில் கிடக்கும் பழத்தில் பூச்சி வைக்கும், ஒன்றுகூட விடக்கூடாது என்பது எஸ்டேட் சட்டம். பிணம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு எழுந்து, சமையற்கட்டு வாசல் வரை ஒன்றுவிடாமல் பொறுக்கி மடியில் கட்டி, செடியோரம் நின்ற எஸ்டேட் சாக்கில் கொட்டிவிட்டு, பழைய இடத்தில் போய்ச் செத்துப்போனது.

போட்டியாளர்கள் ஒரு மணி நேரம் சுற்றினார்கள். துப்பைக் காணோம். பானு தலையில் கை வைத்துக்கொண்டாள். மேனேஜரோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த ரைட்டர், "வேற எங்க போயிருக்கும்? மடியப் பாருங்க" என்று தானே குனிந்து பிணத்தின் மடியை உதறினார். மடி காலி. அத்தனை பேர் முன்னால் மருதாயிக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் அசையவில்லை. யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லையே.

"பிணத்தோட மடியச் சோதிக்கிறவர்தான் கொலைகாரர்" என்று ஒரு போட்டியாளர் ரைட்டரைக் காட்டினார். அவருக்கு மார்க் கிடைக்கவில்லை.

மரத்தில் கட்டி, டீ நேரத்திலும் ஓடிக்கொண்டிருந்த கேமராவின் பதிவைப் பானு ஓட்டினாள். பிணம் எழுந்தது, பொறுக்கியது, சாக்கில் கொட்டியது. சமையற்கட்டுப் படிக்கு அடியில் உருண்டுபோன ஒற்றைப் பழத்துக்காகத் திரும்பிப் போய், அதையும் எடுத்து வந்து போட்டது. மேனேஜர் இரண்டு தடவை ஓட்டச் சொன்னார்.

"ஆருமில்லாதப்பவே சாக்குல போடறவளுக்கு எதுக்குய்யா விசாரணை? அந்தக் காயிதத்தக் கிழிச்சுப் போடு" என்றார் ரைட்டரிடம்.

அப்போதுதான் பிணத்தின் கண்ணில் தண்ணீர் வந்தது.

மறுநாள் சாயங்காலம் களத்தில் வழக்கம்போல் ரைட்டர் ஒவ்வொருத்தி மடியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மருதாயியை மட்டும் விட்டு அடுத்தவளிடம் போனார்.

"ஏனுங்க, பொணமாக் கெடந்தப்பவே மடியப் பாத்தீங்க. உசுரோட நிக்கறப்ப பாக்கறதுக்கு என்னங்க?"

அவள் மடியை நன்றாக உதறிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தாள்.